ஒரிஜினல் அவராண்ட கீது

கிறிஸ்துமஸுக்கு எங்கள் மாதா கோயில் இளைஞர் குழு பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பது வழக்கம். இந்த முறை வாங்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதோடு விட்டேனா? எந்த ஊரில் யாரை வதைத்துச் செய்தார்களோ, அப்படிப்பட்ட ஆன்லைன் சரக்கு வேண்டவே வேண்டாம், நம் ராயபுரத்திலேயே தைத்த பள்ளிப் பைகளை வாங்குவோம் என்று கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். 'நியாயமான பரிசு' என்று வாட்ஸப்பில் போஸ்டர் வேறு. கை தட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

கல்மண்டபம் பக்கம் ஒரு சந்தில் பைகள் விற்கும் கடை, அதன் பின்கட்டில் தைக்கும் பட்டறை. அறுபது பைக்கு ஆர்டர் கொடுத்தேன். ஓனர் சொன்ன தேதி எனக்குப் போதவில்லை. ஒரு வாரம் முன்பே வேண்டும் என்று அடம் பிடித்தேன்.

"உனக்காக செய்றேம்மா. துணி, ஜிப்பு எல்லாம் ஒரிஜினல்," என்றார்.

வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு மதியம் போனேன். ஓனர் சாப்பிடப் போயிருந்தார். பட்டறையின் கம்பிக் கதவில் பூட்டுத் தொங்கியது. வெளிப்பக்கமாக. உள்ளே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கதவை ஒட்டி உட்கார்ந்து தைத்தவருக்கு முப்பது வயதிருக்கும். பீகார்க்காரர். தமிழை எங்கள் தெருக்களிலேயே கற்றிருந்தார்.

"எத்தினி பை ஆச்சுண்ணா?"

"பாதி ஆச்சு. நீதான் அந்த சர்ச் அக்காவா? சீக்கிரம் வோணும்னியாமே? நல்லா சொன்ன போ!" சிரித்தார். "நான் நேத்தே ஊருக்குக் கெளம்பியிருக்கணும். வூட்டுக்காரிக்கு இந்த வாரம் கொழந்தை பொறக்கும். மொதோ கொழந்தை. உன் ஆர்டர் முடிஞ்சாத்தான் லீவாம்."

"கெளம்ப வேண்டியதுதானே?"

"எப்டி? ஒரிஜினல் அவராண்ட கீது."

முதலில் துணியைச் சொல்கிறார் என்றே நினைத்தேன். அவர் சொன்னது ஆதார் கார்டை. வேலைக்குச் சேர்ந்த அன்றே எல்லோருடையதையும் வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டாராம் ஓனர். இவர்கள் கையில் ஜெராக்ஸ். சொல்லாமல் போனால் திருட்டு கேஸ் கொடுப்பேன் என்ற மிரட்டல் வேறு.

"இந்தப் பூட்டு?"

"சேஃப்டிக்காம். யாருக்குன்னு கேக்கல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதனைக் கட்டிப்போட இந்த நாளில் சங்கிலி எதற்கு, உள்ளங்கை அகல அட்டை போதாதா? அதைவிட, அவரை இங்கே இருத்தி வைத்திருப்பது என் அவசரம். நியாயமான பரிசாம்!

குழுச் செயலாளருக்குப் போன் போட்டேன். என்னோடு படித்தவன்தான்.

"இன்னாமா, பண்டிகை நேரத்துல பேஜாரு பண்ற? வேணான்னா கேன்சல் பண்ணு. வேற எவனாவது வாங்கினு போறான்."

அவன் சொன்னது உண்மை. அதனாலேயே கோபம் கூடியது. கேன்சல் செய்தால் என் கை மட்டும் சுத்தமாகும், பூட்டு அப்படியே இருக்கும். நான் நகரவில்லை.

ஓனர் வந்தபோது கடையில் நாலைந்து பேர் பை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே சொன்னேன்: "சார், உள்ள தைக்கிறாரே அந்த அண்ணன், அவரோட ஆதார் கார்டைக் குடுத்து ஊருக்கு அனுப்புங்க. இல்லன்னா ஒரு பைகூட வேணாம்."

"தொலைச்சிடுவானுங்கன்னு பத்திரமா வெச்சிக்கீறேன்மா. உனக்கின்னா?"

"அப்போ உங்க கார்டை எங்கிட்ட குடுங்க சார். நானும் பத்திரமா வெச்சிக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். ஒரு அம்மா கையிலிருந்த பையை மெதுவாகத் திரும்ப வைத்தார். அதுதான் வேலை செய்தது. ஓனர் டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட கட்டிலிருந்து ஒரு கார்டை உருவி மேஜையில் எறிந்தார். "போவச் சொல்லு. கோயிலுக்குப் போற பொண்ணு பேசுற பேச்சா இது?"

பூட்டு திறந்தது. வெளியே வந்தவர் கார்டைச் சட்டையில் துடைத்து, இரண்டு பக்கமும் பார்த்தார்.

"உன் பை ஒண்ணு மிஷின்லயே அரைகொறையா கீது அக்கா."

"அது கெடக்கட்டும். நீ வண்டியப் புடி!"

அவர் போனதும் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். சந்து முனை வரைதான் அந்த நினைப்பு. அந்தக் கார்டுக் கட்டிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று. நான் கேட்டதும் 'அவரோட' கார்டைத்தான். 'எல்லாருடையதையும்' என்று கேட்க ஏன் வாய் வரவில்லை? என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அப்படியே தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போய் மனு எழுதி நீட்டினேன். மேஜையில் இருந்த கிளார்க் மேலோட்டமாகப் படித்தார். "ஆதாரம் எதனா இருக்காமா?"

"ஆதாரே இருக்கு சார். அந்த ஓனர் டிராயர்ல."

அவர் சிரிக்கவில்லை. "பண்டிகை முடியட்டும், பாக்கலாம்."

"பண்டிகைக்குத்தான் சார் அவங்களப் பூட்டி வெச்சிருக்காரு. இன்னிக்கே யாராவது போகணும். மனு வாங்கினதுக்கு ரசீதும் வேணும்."

"ரசீதெல்லாம் அப்புறம்."

நான் நாற்காலியை மேஜைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.