பழைய கோர்ட்டின் சாவி

பெருமாயி மலைமேல் இருக்கும் கரியாலூரில் பிறந்து, கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தவள். பழைய முன்சீப் கோர்ட்டில் இருபத்திரண்டு வருடம் பெருக்கினாள். கோர்ட் புதுக் கட்டடத்துக்குப் போன பிறகும் பழைய கட்டடத்தின் சாவி அவளிடமே இருந்தது.

போன தை மாதம் முருகவேல் என்ற இன்ஜினியர் டேப்போடு வந்தார். பெருமாயி அந்த டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சிறுமியாக இருந்தபோது மலையில் யாரோ சங்கிலி போட்டு அளந்தார்கள். அடுத்த வருடமே அவள் அப்பா சாமை விதைத்த நிலத்தை சர்க்கார் காடு என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள்.

முருகவேல் இரண்டடி கனமுள்ள சுண்ணாம்புச் சுவரைத் தட்டிப் பார்த்தார். தேக்கு உத்தரங்களைப் படம் பிடித்து, ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டார்.

"இன்னாத்துக்குங்க அளந்துகினு இருக்கீங்க? இடிக்கப் போறீங்களா?"

"இல்லம்மா, ரிப்பேர் பண்ணத்தான்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்வாங்க. எழுதினதக் குடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே தாளைக் கொடுத்தார். பெருமாயிக்குப் படிக்கத் தெரியாது. அவரை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டிவிட்டு, எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த எழில்மதியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"உத்தரம் நல்லாக்கீதாம்க்கா. பின்சுவர்லதான் விரிசலாம். அத்த அடைச்சா போதுமாம்," என்றாள் எழில்மதி.

பெருமாயி அவளை முதலிலிருந்து மறுபடியும் படிக்கச் சொன்னாள். அப்புறம்தான் போய்க் கதவைத் திறந்தாள். அப்போதும் நீதிபதி மேடை, சாட்சிக் கூண்டு, ரிக்கார்டு ரூம் என்று அவர் போன இடமெல்லாம் பின்னாலேயே போனாள்.

பங்குனியில் கொத்தனார்கள் வந்தார்கள். பின்சுவர் விரிசலுக்குள் முதல் கரண்டி சுண்ணாம்பு போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் சாப்பிடப் போனாள்.