பேர் வெட்டிய செம்பு

இன்று மும்பை செம்பூரில் ஒரு பழம்பொருள் கடைக்குள் நுழைந்ததும் துருவும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை முகத்தில் அடித்தது; அறுபதுகளில் தாராவி உப்பங்கழியை ஒட்டியிருந்த சேட்டின் பழைய சாமான் கடைக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அந்த இடத்தில் அகலமான ரோடு ஓடுகிறது. அன்றோ நின்றுபோன கடிகாரங்களும் கப்பல் விளக்குகளும் தகரக் கூரையை முட்டிக் குவிந்திருக்கும். காற்றடித்தால் கயிற்றில் தொங்கும் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசி முனகும்.

ஸ்டவ்வுக்குத் திரி தேடி என்னோடு அங்கே போன அம்மா, ஒரு வெண்கலச் செம்பை எடுத்துத் திருப்பினாள். கழுத்தில் ‘பேச்சியம்மாள்’ என்று அவள் பேரே வெட்டியிருந்தது. கல்யாணச் சீராக வந்து, வீட்டிலிருந்து காணாமல்போன செம்பு. அதை அவள் பிறந்த வீட்டுக்குக் கடத்திவிட்டதாக எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, மூட்டிவிட்டதை நம்பி, அப்பா அவளோடு பேச்சையே நிறுத்தியிருந்தார்.

யார் விற்றது என்று அம்மா இந்தியில் கேட்டாள். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட மதராசிப் பெண் என்றார் சேட். எங்கள் வீட்டில் அப்படிப் போட்டிருந்தவள் அத்தைதான்.

அம்மா அழவில்லை. செம்பை வாங்கிவந்து, புளி போட்டு, எழுத்து மின்னும்வரை தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களோடு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அதில் தண்ணீர் மொண்டு அத்தையிடம் நீட்டினாள்.

“குடிங்க மைனி. பேரை வாசிச்சிட்டுக் குடிங்க.”

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அத்தை தலை நிமிராமல் குடித்து முடித்தாள். அம்மா செம்பை வாங்கி, மறுபடி நிரம்ப மொண்டு அத்தையிடமே நீட்டினாள்.