வேப்பம்பூத் தேனில் வெல்லப்பாகு

எங்கள் குடும்பத்தில் கடல் ஒத்துக்கொள்ளாத ஒரே ஆண் என் சித்தப்பா. திருவிடந்தைக் கரையில் பிறந்துவிட்டு, படகு முதல் அலையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுக்கிற ஒருவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கோ பயிற்சிக்குப் போய்வந்து ஆறு தேனீப் பெட்டிகளை வாங்கினார். "மீன் புடிக்கத் தெரியாதவன் ஈ புடிக்கப் போறான்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

பங்குனிக் கடைசியில் பெட்டிகளை மினி லாரியில் ஏற்றிக் கருங்குழிப் பக்கம் ஒரு வேப்பந்தோப்புக்குப் போனார். பூ விரியும் முன்பே பெட்டிகளில் இருந்த பழைய தேனை முழுக்க எடுத்துவிட்டாராம். முருங்கைப்பூத் தேன் ஒரு சொட்டு கலந்தாலும் அது வேப்பம்பூத் தேன் ஆகாது என்பது அவர் கட்சி. பூ இருப்பதே இரண்டு மூன்று வாரம். நடுவில் கோடை மழை கொட்டினால் அதுவும் போச்சு. தேனீக்கள் மெழுகு வைத்து மூடிய அடைகளை மட்டும் எடுத்து, அடுப்பில் காட்டாமல், துணியில் வடிகட்டி, ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கில் கொண்டுவந்து இறக்கினார். அந்த வருட விளைச்சல் மொத்தமும் அந்தத் தூக்குதான்.

வீடே சுற்றி உட்கார்ந்து ருசி பார்த்தோம். கறுப்பட்டிக் காப்பி நிறம். நாக்கில் இனிப்பாகத்தான் இறங்கியது. தொண்டைக்குப் போன பிறகு மெல்லக் கசந்தது.

"இன்னாடா இது, கஷாயமா?" என்றார் அப்பா.

"கசந்தாத்தான் அண்ணாத்த அது வேப்பம்பூ" என்றார் சித்தப்பா.

"அதுக்குத்தான் வருசப்பொறப்புப் பச்சடில வெல்லம் போடறது. இல்லாட்டி எவன் வாய்ல வப்பான்?" என்றாள் அம்மா.

எனக்கு அம்மா சொன்னதுதான் சரியாகப் பட்டது. எட்டு வயதில் நான் அறிந்த வேப்பம்பூ, வெல்லத்தோடு சேர்ந்த வேப்பம்பூதான்.

மறுநாள் சாயங்காலம் மாமல்லபுரத்தில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா வருவதாக இருந்தது. பிடித்தால் வருடா வருடம் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் என்ன என்பதை அப்பா முடிவு செய்துவிட்டார். "படகுல ஒரு ஆளு கொறையுது. அந்தம்மா வாங்கலன்னா பொட்டிய மூடிட்டு ஏறு." சித்தப்பா தலையை ஆட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. எனக்குத் தலை பின்னிவிடும் ஒரே ஆண் அவர். இப்படிக் கசக்கிற தேனை யார் வாங்குவார்கள்?

மறுநாள் மதியம் அப்பாவின் படகு வந்ததும் அம்மா மீன் பிரிக்கக் கரைக்குப் போனாள். சித்தப்பா அசந்து தூங்கினார். கொழுக்கட்டைக்கென்று காய்ச்சி ஆறவைத்த வெல்லப்பாகு அடுப்படியில் இருந்தது. அத்தனையையும் தூக்கில் ஊற்றி, கரண்டியால் நன்றாகக் கலக்கினேன். ருசி பார்த்தேன். கசப்பு போன இடம் தெரியவில்லை. சித்தப்பாவைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் கரண்டியை நக்கிவிட்டு விளையாடப் போனேன்.

அந்த அம்மா வந்தார். சித்தப்பா மூடியைத் திறந்தார். திறந்த கையோடு அவரே குனிந்து முகர்ந்தார். ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே வந்தவர், என்னிடம் வந்ததும் நின்றார். என் கவுன் விளிம்பில் எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது.

மூடியை மூடிவிட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது சரியா வரல. தர முடியாது."

"பரவால்லப்பா, ஒரு வாய் குடு, பார்த்துட்டுச் சொல்றேன்."

"வேணாம் மேடம்" என்று மூடிமேல் கையை வைத்துக்கொண்டார். ருசி பார்த்திருந்தால் அந்த அம்மா சந்தோஷமாக வாங்கிப்போயிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"இன்னாடா ஆச்சு?" என்று அப்பா கத்தினார். "நாந்தான் அண்ணாத்த, அவசரப்பட்டு மூடாத அடையையும் ஈரத்தோட எடுத்துட்டேன்" என்றார் சித்தப்பா. பாகைக் குடித்துத் தீர்த்ததாக அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அந்த அடிக்கு அப்பால் அன்று எனக்கு எந்தச் சேதமும் இல்லை.

அடுத்த வாரமே சித்தப்பா படகில் ஏறினார். அந்த ஒரு வருடம் முழுக்க ஏறினார். அப்புறம்தான் மறுபடி பெட்டிகளோடு கருங்குழிக்குப் போனார், அந்த அம்மாவும் வாங்கினார். இப்போதும் ஒவ்வொரு சித்திரையிலும் எனக்கு ஒரு பாட்டில் வருகிறது. தொண்டையில் அந்தக் கசப்பு இறங்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

படகு ஏறிய நாட்களில் கரைக்கு வந்ததும் முகம் வெளுத்து மணலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்துவிட்டு, "பாப்பா, நம்ம தேன் ஒரு ஸ்பூன் குடு" என்பார்.

"எப்டி கீது சித்தப்பா?"

"சூப்பரா கீது."

இத்தனை ருசியான தேனை விற்க மனசு வராமல்தான் அவர் அன்று மூடியை மூடினார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் வீட்டிலேயே பெரிய ஸ்பூனாகப் பார்த்து எடுத்துவந்து, அந்தத் தூக்கிலிருந்து வழிய வழியக் கொடுத்தேன்.