ஸ்வாவாவின் வெள்ளித் தகடுகள்

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் தீவில், மீவத்ன் ஏரிப் பக்கம் பூமிக்கடி நீராவிக் கிணறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது கூடவே வரும் கரியமில வாயுவை எரிபொருளாக மாற்றுவதுதான் எங்கள் ஆலையின் வேலை. அந்த மாற்றம் தொடங்கும் இடம், தகடுகளின் மேல் படிந்த மெல்லிய வெள்ளி. வெள்ளியைப் படியவைப்பது, அலசுவது, பொருத்துவது எல்லாம் ஸ்வாவா என்ற பெண்.

சென்ற குளிர்காலத்தில் அவருடைய புதிய தகடுகள் சோர்ந்துபோயின. முதலில் நன்றாக வேலை செய்யும். வாரம் முடிவதற்குள் வாயு மாறாமலே வெளியேறும். மேலாளர் இங்வார் ஜெர்மனியிலிருந்து ஒரு பெட்டித் தகடு வரவழைத்து ஸ்வாவாவின் மேசையருகே வைத்தார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம். உன் தகடு தாக்குப் பிடிச்சா இது திரும்பிப் போயிடும்."

"இல்லன்னா நான் திரும்பிப் போகணும், அதானே?"

இங்வார் காபியைக் குடித்தார்.

கந்தகம் பட்டால் வெள்ளி செத்துவிடும். ஆனால் வாயுவிலுள்ள கந்தகத்தை வடிகட்டிக் கருவி முழுதாகப் பிடித்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தது நான்தான். ஸ்வாவா வெள்ளியை மாற்றிப் பார்த்தார், மின்னோட்டத்தைக் குறைத்துப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து ஊர்ப் பொதுவான திறந்தவெளி வெந்நீர்த் தொட்டியில் ஸ்வாவா கழுத்தளவு நீரில் அமர்ந்திருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆஸ்தா அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏண்டி, மோதிரம் எங்க? புருஷனை விரட்டிட்டியா?"

"வெள்ளியோட யாராவது இந்தத் தண்ணியில இறங்குவாங்களா? கறுத்து..."

பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தார். தலைமுடியில் பனி விழ, அப்படியே நின்றார் என்று ஆஸ்தா இன்றும் சொல்வாள்.

மறுநாள் காபி நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"தகட்டைக் கெடுத்தது நான்தான். கை விறைக்குதுன்னு குழாய் வெந்நீர்ல அலசினேன்."

"கடைசியில காய்ச்சி வடிச்ச தண்ணியிலதானே அலசுறே?" என்றார் இங்வார்.

"கந்தகம் ஒட்டின பிறகு எதுல அலசினா என்ன? அந்த வெந்நீர் பூமிக்கடியிலேர்ந்து வர்றது, கந்தகம் கலந்தது."

இங்வார் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். "நானும் அதுலதான் கழுவுறேன். ஒரு நாத்தமும் தெரியலையே."

"பொறந்ததிலேர்ந்து குளிக்கிற தண்ணி. நமக்கு எப்படித் தெரியும்?"

பழியை ஜெர்மன் பெட்டியின் மேலோ வடிகட்டியின் மேலோ போட்டிருக்கலாம். அவர் போடவில்லை. யாரும் திறக்காதபடி வெந்நீர்க் குழாயின் கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, புதிய தகடுகளைப் பச்சைத் தண்ணீரில் அலசினார். விரல்கள் சிவந்து வீங்கின. மாதக் கடைசியில் தகடுகள் முதல் நாள் போலவே வேலை செய்தன. ஜெர்மன் பெட்டியை இங்வாரே சுமந்துபோய் வண்டியில் ஏற்றினார்.

மே மாதம், எங்கள் எரிபொருளில் ஓடும் முதல் மீன்பிடிப் படகு ஹூசாவீக் துறையிலிருந்து கிளம்பியது. ஆலையே கரையில் நின்றது. படகுக்காரரிடம் இங்வார், "இவங்க வெள்ளிதான் உங்களை ஓட்டுது" என்றார்.

படகுக்காரர் கை நீட்டினார். ஸ்வாவா தன் கையைக் கொடுத்தார், மோதிரம் பளிச்சென்றிருந்தது.

"மெதுவாக் குலுக்குங்க," என்றார். "பச்சைத் தண்ணியோட விறைப்பு இன்னும் போகல."