வானுக்குள் ஒரு பாய்

தெல்லிப்பழையில் எனக்குப் பழைய வான் வண்டி ஒன்றை விற்றவருக்கு, பேசும்போதெல்லாம் கைகளை இடுப்புச் சாரத்தில் துடைக்கும் பழக்கம். நீண்ட பயணம் போவதற்காக, பின்இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்கும் காஸ் அடுப்புக்கும் அவருடைய முற்றத்திலேயே அளவெடுத்தேன்.

“இதுக்குள்ளையோ படுக்கப்போறியள்?” என்று கேட்டார்.

“ஓம் அண்ணை.”

அவர் முகம் வாடியது. உள்ளே போய் ஒரு பாயோடு வந்தார்.

“உங்கடை காணியையும் ஆமி இன்னும் விடேல்லையோ? நாங்களும் இடம்பெயர்ந்து லொறிக்குள்ளை கிடந்தனாங்கள். உதிலை வெக்கப்பட ஒண்டுமில்லை.”

“எனக்கு வீடு இருக்கண்ணை. இது சும்மா ஊர் சுற்றிப் பாக்க.”

“வீடு இருக்கோ?”

கைகளைத் துடைத்தார். தான்தான் ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டவர்போல், தலையைக் குனிந்தபடி பாயை வானுக்குள் வைத்தார்.

நாடு முழுக்கச் சுற்றிவிட்டேன். அந்தப் பாயை விரித்துப் படுக்க மட்டும் மனம் கூசுகிறது.