மூன்றாவது விசில்

அந்த வளைகுடாவுக்கு வருகிறவர்கள் நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள். மேட்டில் இருக்கும் தொலைநோக்கி, அடியில் கண்ணாடி வைத்த படகு, நடுவில் ஓட்டை விழுந்த பெரிய பாறை, கடைசியாகக் கலங்கரை விளக்கத் தீவு. விசிலக்காவைப் பார்க்க யாரும் வந்ததில்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்த நாலாவதைப் பார்த்துவிட்டு யாரும் வீடு திரும்ப முடியாது.

தீவுக்குப் படகு வேண்டாம். கடல் இறங்கும்போது நடுவில் ஒரு மணல் பாதை எழும். நானூறு எட்டு வைத்தால் தீவு. பாதை மூன்று மணி நேரம் இருக்கும். அப்புறம் இரண்டு பக்கமும் தண்ணீர் வந்து மூடிவிடும். கரை முனையில் ஒரு தகரக் கூண்டு. அதில்தான் விசிலக்கா நிற்பார். பாதை மூட ஒரு மணி நேரம் இருக்கும்போது முதல் விசில். அரை மணி இருக்கும்போது இரண்டாவது. கால் மணி இருக்கும்போது மூன்றாவது, நீளமாக. அதற்கும் அசையாமல் இருந்துவிட்டுப் பிந்தி வருகிறவர்களை வாயாலேயே வறுத்தெடுப்பார்.

"காதுல பஞ்சா வெச்சிருந்தீங்க? கடல் என்ன உங்க மாமாவா? உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?"

முப்பத்தொரு வருஷம் இந்த வேலை. இதில் ஒரு நாள்கூட அவர் தீவுக்குப் போனதில்லை. கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். காரணம் எளிது. மாதத்தில் பதினெட்டு நாள் பாதை எழும். அந்தப் பதினெட்டு நாளும் அவருக்கு வேலை. மீதிப் பன்னிரண்டு நாள் கடல் போதுமான அளவு இறங்காது, பாதையே வராது. அந்தப் பன்னிரண்டு நாள் அவருக்கு விடுமுறை. நான் ஊழியர் சங்கத்தில் இருந்தவன். விடுப்புக் கணக்கில் ஓட்டை தேடுவதே என் பிழைப்பு. இதில் ஓட்டை இல்லை. சட்டப்படி எல்லாம் சரி. ஆனாலும் அந்த மனுஷி தான் காவல் காத்த இடத்தைப் பார்க்கவில்லை.

தீவு முனையில் இன்னொரு ஆள் இருந்தார். அவருடைய சொந்தத் தம்பி. அக்காவே சொல்லிச் சேர்த்த வேலை. சுற்றுலா அலுவலகம் கொடுத்த ஒரே அறை, ஒரு சமையலறை, அதில் இருவரும். தம்பி கலங்கரை விளக்கத்துக்கு முன்னால், கரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். முதல் விசில் கேட்டதும் சுற்றி வந்து ஆட்களைத் திரட்டி அனுப்புவான். எல்லோரும் போனபிறகு சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டுக் கடைசி ஆளாக நடந்து வருவான். இவர் கரையில், அவன் தீவில். பாதை திறந்திருக்கும்வரை இருவரும் இடத்தைவிட்டு அசையக் கூடாது. ஆகவே ஒருவர் இடத்தில் ஒருவர் ஒரு நாளும் நின்றதில்லை.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கொடி ஏறவில்லை. அன்று அலுவலகம் தம்பியைத் தீவின் பின்பக்கம் தடுப்புக் கம்பி போடச் சொல்லியிருந்தது. அவனும் போட்டுக்கொண்டிருந்தான். பார்வையாளர் ஒருவர், கணக்கு வாத்தியார், அதே பக்கம் பாறையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீரைப் பார்த்துவிட்டு இருவரும் ஓடிவந்தபோது பாதை இடுப்பளவு. வாத்தியார் இறங்கிவிட்டார். தம்பி பின்னால் நீந்தினான். பிடிக்க முடியவில்லை. வாத்தியார் மூழ்கிப்போனார்.

விசாரணை அலுவலகத்து மேல்மாடியில் நடந்தது. மின்விசிறி கடகடவென்று ஆடிய அறை. நானும் உட்கார்ந்திருந்தேன்.

"விசில் கேக்கல சார்," என்றான் தம்பி.

"மூணும் ஊதினேன். கேக்காம இருக்க முடியாது," என்றார் அக்கா.

"அக்கா, நான் எதுக்கு பொய் சொல்லப்போறேன்?"

"சும்மா சொல்லாதடா."

இவ்வளவுதான் பேச்சு. கரையிலிருந்த ஐஸ்கிரீம் கடைக்காரர் முதல் செருப்புக் காவல்காரர் வரை விசில் கேட்டதாகச் சாட்சி சொன்னார்கள். கேட்கத்தானே செய்யும், அவர்கள் கரையில் இருந்தவர்கள். அலுவலகத்துக்கு இரண்டில் ஒரு தலை வேண்டும். அக்காவின் தலை தப்பட்டும் என்று சங்கம் முடிவு செய்தது. 'மூன்று முறை ஊதினார்!' என்று தலைப்புப் போட்டு ஐந்நூறு துண்டறிக்கை அடித்தவன் நான்தான். ஒரு ஆளைப் பின்பக்கம் நிறுத்தி, இன்னொருவரை ஊதவிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். எனக்கும் தோன்றவில்லை, யாருக்கும் தோன்றவில்லை. மூளையை அடகு வைத்துவிட்டு முழக்கம் எழுதினோம்.

தம்பி வேலை போனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அப்புறம் அக்காவோடு பேச்சுவார்த்தை கிடையாது. வெளியூரில் பம்ப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான் என்பதும் அவன் நம்பரும் ஒரு அத்தை மகள் வழியாகத் தெரியும். அவ்வளவே. தீவு முனை வேலையை அலுவலகம் அப்படியே ஒழித்துவிட்டு, 'விசில் கேட்டதும் திரும்பவும்' என்று பலகை நட்டது. அதற்குப் பிறகும் வருஷத்துக்கு நாலைந்து பேர் மாட்டிக்கொள்வார்கள். ரப்பர் படகு போய் அழைத்துவரும். அக்கா வறுத்தெடுப்பார். கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் வழக்கத்தைவிட அதிகமாகவே வறுபடுவார்கள். வீட்டுக்குப் போனால் ஒரு தட்டு, ஒரு டம்ளர். ரேடியோ நாள் முழுக்க ஓடும். 'சத்தம் இருக்கட்டுமேன்னுதான்,' என்பார்.

போன வருஷம் ஓய்வு பெற்றார். அலுவலகம் ஒரு பூங்கொத்தும் ஒரு வருஷ பாஸும் கொடுத்தது. வளைகுடாவின் எல்லா இடங்களுக்கும் அனுமதி. கீழே சின்ன எழுத்தில்: ஒரு நபருக்கு மட்டும்.

பாதை எழுந்த முதல் நாளே கிளம்பிவிட்டார். நல்ல செருப்பு, கைப்பை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். முப்பத்தொரு வருஷம் பார்த்த முள்ளை இன்று ஒரு நாள் பார்க்கப்போவதில்லை. விசில் ஊதினால் வரப்போகிறார். மற்றவர்கள் எல்லாம் அப்படித்தானே வந்தார்கள்?

தொலைநோக்கியில் தன் தகரக் கூண்டைத்தான் முதலில் பார்த்தார். கூரை துருப்பிடித்திருந்தது கீழிருந்து தெரிந்ததில்லை. கண்ணாடிப் படகில் இருவர் இருவராக எதிரெதிரே உட்கார வைப்பார்கள். இவர் ஒற்றை ஆள். படகுக்காரர் எதிர் இருக்கையில் ஒரு கயிற்று மூட்டையைத் தூக்கி வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. படகு சாயாம இருக்கணும்ல."

"பரவால்ல. மூட்டை வாயாடாது."

ஓட்டைப் பாறையில் படம் எடுப்பவர், "கூட யாரு நிக்கிறாங்க?" என்று கேட்டார்.

"யாருமில்ல."

"அப்ப கொஞ்சம் முன்னாடி வாங்க. இல்லன்னா பாறைதான் தெரியும்."

பிறகு பாதை. அவருடைய கூண்டில் இப்போது முன்னாள் பஸ் கண்டக்டர் ஒருவர். பஸ்ஸில் ஊதிப் பழகிய வாய் என்று அலுவலகம் எடுத்துக்கொண்டது.

"போயிட்டு வாங்கக்கா. ரெண்டு விசில் கொடுத்துராதய்யான்னு ஊர்ல எல்லாரும் கிண்டல் பண்றாங்க, வண்டி கிளம்பிருமாம்."

"மூணாவது நீளமா ஊதணும், மறந்துராத."

"சிலபஸே அதான்கா."

நானூறு எட்டை எண்ணிக்கொண்டே நடந்தார். நானூற்றுப் பன்னிரண்டு வந்ததாம். தீவில் கூட்டம் எல்லாம் முன்பக்கம். படம் எடுத்தார்கள், தின்றார்கள், பிள்ளைகளைத் திட்டினார்கள். பின்பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. கலங்கரை விளக்கத்தின் சுவரும் பாறையும் கரையை முழுக்க மறைத்தன. கடல் காற்று முகத்தில் அறைந்தது. அங்கே தடுப்புக் கம்பம் பதினான்கு நின்றன. பன்னிரண்டில் கம்பி ஓடியது. கடைசி இரண்டும் வெறும் கம்பம். தம்பி விட்ட இடத்தில் அப்படியே விட்டுவிட்டது அலுவலகம்.

பன்னிரண்டாவது கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் விசிலுக்கு எழுந்துவிடலாம் என்று இருந்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. காலடிப் பாறையில் காய்ந்து கிடந்த பாசி நனைந்து பளபளத்தது. அந்தப் பாசி நனைந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். எழுந்து முன்பக்கம் ஓடினார். முன்பக்கம் காலி. பாதை இல்லை. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நுரைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கரையில் கண்டக்டர் இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தார். அக்கா இறங்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"யோவ், ஏன்யா ஊதல?"

"என்னக்கா இப்டிச் சொல்றீங்க? மூணும் ஊதினேன். மூணாவது ஊதுனதுல கன்னமே வலிக்குது. கூட்டம் பூரா வந்துருச்சு, நீங்க மட்டும் வரல."

"நான் பின்னாடி இருந்தேன். ஒண்ணுகூட கேக்கலய்யா."

"சும்மா சொல்லாதீங்கக்கா."

கண்டக்டர், ரப்பர் படகு எஞ்சின் கழற்றிக் கிடக்கிறது, இரண்டு மணி நேரம் ஆகும் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா போனை அணைத்துவிட்டு மறுபடி பின்பக்கம் போனார். பன்னிரண்டாவது கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பர்ஸில் நாலாக மடித்த தாள். அத்தை மகள் எழுதிக் கொடுத்த நம்பர். இதுவரை அழுத்தாத நம்பர்.

"யாரு?" பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான்டா."

மோட்டார் நின்றது.

"எங்கேருந்து பேசுற?"

"தீவுல. பின்பக்கம். நீ கம்பி போட்ட எடத்துல."

"இன்னிக்கு இந்நேரம் பாதை மூடியிருக்குமே."

"மூடிருச்சு."

"விசில் ஊதலையா?"

"ஊதியிருக்கான். மூணும்."

அக்காவே தொடர்ந்து சொன்னார்: "எனக்குக் கேக்கலடா. ஒண்ணுகூட."

அவன் அழவில்லை, திட்டவில்லை. பிற்பாடு அக்கா சொல்லக் கேட்டபோது நான் எதிர்பார்த்த எதையும் அவன் சொல்லவில்லை.

"அங்க நிக்காத. இன்னும் கொஞ்ச நேரத்துல அலை தெறிக்கும். முன்பக்கம் போ. படிக்கட்டுல கீழ ஆறு படி முங்கும். ஏழாவதுல உக்காரு."

வைத்துவிட்டான்.

அக்கா ஏழாவது படியில் உட்கார்ந்தார். தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறி, ஆறாவதை மூடி, நின்றது. செருப்பு நுனிகூட நனையவில்லை. படகு வரும்வரை அங்கேயே இருந்தார். மறுபடி போன் பண்ணவில்லை. அவனும் பண்ணவில்லை.

மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றார்.

"அண்ணே, எழுதுங்க."

"என்ன எழுத?"

"அலங்காரமெல்லாம் வேணாம். நான் சொல்றத மட்டும் எழுதுங்க."

நாலு வரி. விசில் ஊதியது உண்மை. பின்பக்கம் அது கேட்காது என்பதும் உண்மை. என் தம்பி பொய் சொல்லவில்லை. நான் சொன்ன சாட்சி தவறு. அவ்வளவுதான். நான் என் பங்குக்கு, துண்டறிக்கை தவறு என்று ஐந்தாவது வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். தீவின் பின்பக்கம் மணி வேண்டும், ஆள் வேண்டும் என்று தனியாக ஒரு மனுவும் வைத்தோம். ஒரு நகல் தம்பிக்குப் பதிவுத் தபாலில் போனது.

அலுவலகம், பரிசீலனையில் இருப்பதாகப் பதில் அனுப்பியது. தம்பியிடமிருந்து கடிதம் இல்லை. தபால் பெற்றுக்கொண்டதற்கான அட்டை மட்டும் திரும்பி வந்தது. அதில் அவன் கையெழுத்து. அக்கா அதை ரேடியோவுக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார்.

இப்போது பாதை எழும் நாளெல்லாம் பாஸைக் காட்டிவிட்டு முதல் ஆளாகத் தீவுக்குப் போகிறார். முன்பக்கம், கரையைப் பார்த்து உட்காருகிறார். முதல் விசில் கேட்டதும் எழுந்து பின்பக்கம் சுற்றி வந்து, அங்கிருப்பவர்களைத் திரட்டி அனுப்புகிறார். வறுத்தெடுப்பதில்லை. "விசில் ஊதியாச்சு, வாங்க. இங்க கேக்காது," என்று மட்டும் சொல்கிறார். எல்லோரும் போனபிறகு கடைசியாகத் தனியே நடந்து வருகிறார். சம்பளம் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

சங்கப் புத்தி எனக்குப் போகுமா? "பாஸ் இந்த வருஷத்தோட முடியுதே, அப்புறம்?" என்று கேட்டேன்.

"டிக்கெட் வாங்கிப்பேன்," என்றார்.