ரெண்டு ட்யூபும் ஒரு டப்பாவும்

புஷ்பவல்லிக்கு அன்று கை அரிக்கவில்லை. அதுதான் அவளை நிம்மதியாக உட்கார விடவில்லை. ஆஸ்பத்திரியின் தோல் பிரிவு வராந்தாவில் உட்காருவதும், எழுந்து தண்ணீர்க் குழாய்வரை போவதும், திரும்பி வந்து உள்ளங்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதுமாக இருந்தாள். ஒன்பது வருஷமாக வெடித்துக் கிடந்த கை, ஆறே வாரத்தில் மூடியிருந்தது.

காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. ஐஸ் தண்ணீரும் இறால் சாறும் விரலிடுக்கில் ஊறி ஊறி, தோல் தடித்துப் பிளந்து ரத்தம் கசியும். புளி கரைத்தால் உயிர் போகும். மருந்துக்கடைக்காரர் எதற்கெடுத்தாலும் நீட்டும் களிம்பைத் தடவித் தடவி, தோல் வெங்காயச் சருகாக ஆனதுதான் மிச்சம். பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கும் அவள் ஜோடி சாபிராவுக்கும் இதே கதி.

அந்தக் கொட்டகையில் ஜோடி என்றால் லேசுப்பட்ட விஷயமில்லை. இரண்டு பேர் உரிப்பதும் ஒரே அன்னக்கூடையில் விழும். சாயங்காலம் ஆளுக்குப் பாதி. ஒருத்தி காய்ச்சலில் படுத்தால் மற்றவள் அவளுக்கும் சேர்த்து உரிப்பாள். இந்தப் பழக்கம்தான் வினையாகப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் கை வெடிப்புக்கு ஒரு மருந்து ஆராய்ச்சி நடந்தது. பாதிப் பேருக்குப் புதுக் களிம்பு, பாதிப் பேருக்கு வழக்கமான களிம்பு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ட்யூபில் நம்பர் மட்டும்தான். அவரவர் ட்யூபை அவரவர்தான் போட வேண்டும் என்று டாக்டர் மதி படித்துப் படித்துச் சொன்னார். புஷ்பவல்லியும் சாபிராவும் நன்றாகத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டு அதில் சேர்ந்தார்கள்.

பஸ் ஏறியும் புஷ்பவல்லிக்கு மனசு ஆறவில்லை.

"இன்னாமே இது? ஒருத்திக்குப் புதுசு, ஒருத்திக்குப் பழசுன்னா இன்னா நாயம்?"

"அதுக்கு இன்னா பண்ண சொல்ற?" என்றாள் சாபிரா.

"ரெண்டையும் ஒரே டப்பால பிதுக்கு. ஆளுக்குப் பாதி."

பிதுக்கிக் கலக்கி, டப்பாவைப் புஷ்பவல்லியின் பையில் போட்டு, ஆறு வாரமும் கொட்டகையில் தடவிக்கொண்டார்கள்.

இப்போது டாக்டர் மதி உள்ளே கூப்பிட்டு, இருவர் கையையும் போட்டோ எடுத்தார். முகமெல்லாம் சந்தோஷம். "உங்களமாதிரி ஆளுங்க கையப் பாத்துதாம்மா, எந்த மருந்து நல்லதுன்னு முடிவு பண்ணப்போறோம்" என்று சொல்லிக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

தங்கள் கையைப் பார்த்துத் தப்பான மருந்தை நல்லதென்று சொல்லிவிட்டால் என்று புஷ்பவல்லிக்கு உறைத்தது. கொட்டகையில் வரிசையாகக் குந்தியிருக்கும் நாற்பது பேர் கையும் கண்ணில் வந்து போயிற்று. சாபிரா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"வாய மூடிக்கினு குந்து. சொன்னின்னா மருந்தப் புடுங்கிப்பாங்கோ."

அதுவும் உண்மைதான். மருந்து போனால் பழையபடி ரத்தம். புஷ்பவல்லி வாயைத் திறந்தாள், மூடினாள். முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் கொட்டிவிட்டாள்.

"டாக்டரம்மா, ரெண்டு ட்யூபையும் நாங்க கலந்துட்டோம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"இனிமே உங்க ரெண்டு பேரையும் ஆராய்ச்சில வெச்சிக்க முடியாதும்மா. வைத்தியம் நிக்காது, வழக்கமான களிம்பு தரோம். ஆனா உங்க கைய ஆத்தினது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

பையிலிருந்த டப்பாவையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் சாபிரா தனி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் தனி அன்னக்கூடையோடு வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். புஷ்பவல்லிக்கு அழுகையாக வந்தது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பத்து நாள் இதே கூத்து.

பதினோராம் நாள் சாபிராவின் கட்டைவிரல் பிளந்தது. உச்சிவேளையாகியும் அவள் கூடை கால்வாசிகூட நிறையவில்லை. புஷ்பவல்லிக்கும் விரலிடுக்கில் நமைச்சல் தொடங்கியிருந்தது. எழுந்து போய், தன் கூடையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அந்தக் கூடையில் போட்டாள்.

சாபிரா நிமிர்ந்து பார்த்தாள். "உன் வாயத் தெச்சி வெக்கணும்மே" என்றாள். பிறகு தன் கூடையைத் தூக்கி வந்து, மொத்தத்தையும் புஷ்பவல்லியின் கூடையில் கவிழ்த்தாள்.

"நவுந்து குந்து. சொறியாத, எனக்கும் அரிக்குது."